புற்றுநோய் ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி

பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது ஸ்டேஜ்?" அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. ஊசி பயாப்சியில், திசுவை மைக்ராஸ்கோப்பில் ஆராயும் மருத்துவரான பெத்தாலஜிஸ்ட் பார்த்தது அரிசி அளவுத் திசுவைத்தான். அதை வைத்து நோய் உடம்பில் எதுவரை போயிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது.

எனவே ஸ்டேஜைத் தேடாமல், ஒவ்வொரு காகிதத்திடமும் அதனால் பதில் சொல்ல முடிந்ததை மட்டும் கேளுங்கள். மொத்தம் மூன்று கேள்விகள். எந்த உறுப்பில், எந்த வகைச் செல்லில் தொடங்கியது? அதன் குணம் என்ன? எதுவரை போயிருக்கிறது? முதல் இரண்டுக்கும் பயாப்சி பதில் சொல்லும். மூன்றாவதற்கு ஸ்கேன் பதில் சொல்லும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் விரிவான ரிப்போர்ட் அதை உறுதிப்படுத்தும் அல்லது திருத்தும். குழப்பங்களில் பெரும்பகுதி ஒரு கேள்விக்கான பதிலை இன்னொன்றுக்கான பதிலாக எடுத்துக்கொள்வதால் வருவது.

திடீரென்று வந்ததா?

செல் பிரிவதைத் தூண்டும் ஜீன்கள் ஒரு பக்கம்; பிரிவதைத் தடுத்து நிறுத்தும் ஜீன்கள் மறு பக்கம். தூண்டும் ஜீன் ஓயாமல் வேலை செய்து, தடுக்கும் ஜீன் பழுதானால் கணக்கில்லாத பெருக்கம் தொடங்குகிறது. தடுக்கும் ஜீன்களில் பெயர்பெற்றது டிபி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் அது பழுதாகியிருக்கும். ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. தடுக்கும் ஜீன் செயலிழக்க வழக்கமாக இரண்டுமே கெட வேண்டும் என்பதை 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றை வைத்து விளக்கினார். ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறப்பவருக்கு இன்னொன்று கெட்டால் போதும். பரம்பரைப் புற்றுநோய் இளம் வயதில் வருவதும், இரண்டு கண்களிலும் இரண்டு மார்பகங்களிலும் வருவதும் இதனால்தான். ஆனால் மொத்தப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். செல்லின் அகலம் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்குள் சுமார் நூறு கோடி செல்கள் அடங்கும். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி அந்த எண்ணிக்கையை எட்ட 30 இரட்டிப்புகள் தேவை. இன்னும் 10 இரட்டிப்பில் அது ஒரு கிலோ ஆகிவிடும். அதாவது, கைக்குத் தட்டுப்படும் நாளிலேயே கட்டி தன் பயணத்தில் முக்கால் பங்கை முடித்திருக்கிறது. நிஜத்தில் நிறையச் செல்கள் வழியிலேயே இறந்துபோவதால் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று தெரிகிறது. பெரும்பாலான திடக்கட்டிகளில் ரிப்போர்ட்டுகள் முழுமையாக வரும்வரை ஓரிரு வாரம் காத்திருப்பதால் நிலைமை தலைகீழாகிவிடாது. அரைகுறை ரிப்போர்ட்டை வைத்துத் தவறான சிகிச்சையைத் தொடங்குவதுதான் ஆபத்து. தீவிர ரத்தப் புற்றுநோய் இதற்கு விதிவிலக்கு. அங்கே நாள் கணக்கு, சில வகைகளில் மணிக் கணக்கு.

திசு எடுக்கும்போதே கெடக்கூடியவை

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யில் கிடைப்பது உதிரிச் செல்கள். புற்றுநோய்ச் செல்லா என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் அது சுற்றுத்திசுவுக்குள் ஊடுருவியதா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சுற்றுத்திசுவே கையில் இல்லை. தைராய்டின் ஃபாலிக்குலர் வகைக் கட்டிகளில் சாதாக் கட்டிக்கும் புற்றுக்கும் வேறுபாடே உறையைத் துளைத்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது, எஃப்.என்.ஏ.சி. அங்கே கைவிரித்துவிடும். தடித்த ஊசியால் இழையாக எடுக்கும் கோர் பயாப்சியில் திசுவின் அமைப்பு குலையாமல் கிடைக்கும். "எஃப்.என்.ஏ.சி. செய்தாயிற்றே, மறுபடி எதற்குக் குத்த வேண்டும்" என்ற கேள்விக்கு இதுவே பதில்.

எடுத்த திசு உடனே, அதைக் கெடாமல் காக்கும் திரவமான 10 சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும். திசுவின் பருமனைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். சலைன் என்ற உப்புநீரில் போட்டாலோ வெறும் டப்பாவில் வைத்தாலோ செல்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்ளத் தொடங்கும். பிறகு எந்த நிபுணர் பார்த்தாலும் பயனில்லை. மார்பகத் திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போய், அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். குறைந்தாலும் மிஞ்சினாலும் ஹார்மோன் ரிசெப்டர் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். பெயர்ச் சீட்டை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடலில் ஒட்ட வேண்டும். மூடிகள் எளிதாக இடம் மாறிவிடும்.

"ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊசித் தடத்தில் செல்கள் தங்கி வளர்வது மிக அரிது. அந்த அரிதான ஆபத்தையும் மருத்துவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்: விந்தகக் கட்டியை விதைப்பை வழியாகக் குத்துவதில்லை, எலும்பு, தசை போன்றவற்றில் வரும் சார்கோமாவில் பின்னால் அறுக்கப்போகும் அதே கோட்டில் ஊசியை இறக்கி, அந்தத் தடத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள், கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு ஸ்கேனிலேயே கல்லீரல் புற்றின் அடையாளம் தெளிவாக இருந்தால் பயாப்சியே தேவைப்படாமல் போகலாம். மற்றபடி, இந்தப் பயத்தால் பயாப்சியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு ஏற்படும் நஷ்டமே பெரிது.

முதல் கேள்வி: பெயர்

நோயின் பெயருக்குப் போவதற்கு முன், ஆளின் பெயர், வயது, திசு எடுத்த இடம், இடமா வலமா ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிறகு முடிவு வரிக்குப் போகலாம். கார்சினோமா என்றால் தோல், உள்படலம், சுரப்பி ஆகியவற்றில் தொடங்கியது. அதில் அடினோகார்சினோமா சுரப்பிச் செல்லிலிருந்தும், ஸ்குவாமஸ் செல் கார்சினோமா தட்டைச் செல்லிலிருந்தும் வந்தவை. சார்கோமா எலும்பு, தசை, கொழுப்பு போன்றவற்றில் தொடங்குவது. லிம்ஃபோமா நிணநீர் மண்டலத்துக்கும் லுக்கீமியா ரத்தம் உருவாகும் மஜ்ஜைக்கும் உரியவை. "ஓமா" என்று முடிவதெல்லாம் புற்றுநோய் அல்ல: லைப்போமா சாதாரணக் கொழுப்புக் கட்டி, கருப்பைக் கட்டியான ஃபைப்ராய்டின் மருத்துவப் பெயரான லியோமயோமாவும் அப்படியே. மறுபக்கம், தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா கேட்க இலேசாக இருந்தாலும் கொடியது.

'இன் சிட்டு' என்ற சொல்லைக் கவனமாகத் தேடுங்கள். செல்கள் கெட்டிருக்கின்றன, ஆனால் தம் படலத்தின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வை இன்னும் தாண்டவில்லை என்று பொருள். அந்தச் சவ்வுக்கு மேலே ரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. எனவே பரவ வழியே கிடையாது. தாண்டிவிட்டால் 'இன்வேசிவ்' அல்லது 'இன்ஃபில்ட்ரேட்டிங்' என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது கேள்வி: குணம்

கிரேடும் ஸ்டேஜும் ஒன்றல்ல. மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு சொற்கள் இவை. செல் தன் இயல்பான உருவத்திலிருந்து எவ்வளவு விலகிவிட்டது என்பது கிரேடு. கிரேடு 3 என்றால் மூன்றாம் ஸ்டேஜ் என்று அர்த்தமில்லை. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, எங்கும் பரவாத கட்டி கிரேடு 3 ஆக இருக்கலாம்.

மார்பகத்தில் மூன்று அம்சங்களுக்குத் தலா 1 முதல் 3 மதிப்பெண்: சுரப்பி அமைப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது, உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, பிரியும் செல்கள் எத்தனை. கூட்டுத்தொகை 3–5 என்றால் கிரேடு 1. 6–7 என்றால் 2. 8–9 என்றால் 3. புரோஸ்டேட்டில் கிளீசன் மதிப்பெண். அங்கே கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 3+4 உம் 7 தான், 4+3 உம் 7 தான். ஆனால் முதல் எண் அதிகமாகக் காணப்படும் வகையைக் குறிப்பதால், 4+3 கூடுதல் முரட்டுத்தனமானது. அதனால்தான் இப்போது 1 முதல் 5 வரையிலான கிரேடு குரூப்பையும் சேர்த்து எழுதுகிறார்கள்: 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3.

அடுத்து இம்யூனோ ரிப்போர்ட்: செல்லில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பது. மார்பகத்தில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ரிசெப்டர்கள் 1 சதவீதச் செல்களில் தெரிந்தாலே பாசிட்டிவ். செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான ஹெர்2இன் மதிப்பு 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது முடிவு அல்ல, ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனைக்கான (ஹெர்2 ஜீன் எத்தனை பிரதி என்று எண்ணுவது) அழைப்பு. 2+ என்று வந்த ரிப்போர்ட்டோடு சிகிச்சை தொடங்கப்படுகிறது என்றால், ஃபிஷ் முடிவு என்ன என்று கேளுங்கள்.

பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். அது எதற்கு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்பது செய்தி. மார்ஜின் பாசிட்டிவ் என்றால் வெட்டிய ஓரத்தில் புற்றுச்செல் இருக்கிறது. மறு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படலாம். ஓரத்தை அறிய, திசுவின் வெளிப்பரப்பில் மை பூசிவிட்டுத்தான் நறுக்குவார்கள். மை பட்ட இடத்தில் புற்றுச்செல் இருக்கிறதா என்பதே கேள்வி. அறுவைக்குப் பின் ஆர்0 என்றால் எதுவும் மிச்சமில்லை, ஆர்1 என்றால் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் மிச்சம், ஆர்2 என்றால் கண்ணுக்கே தெரியும் மிச்சம்.

மூன்றாவது கேள்வி: எதுவரை?

பரவுவது செல்லுக்கு எளிய வேலை அல்ல. பக்கத்துச் செல்களின் பிடியை விட வேண்டும், அடிச்சவ்வைக் கரைக்க வேண்டும், குழாய்க்குள் நுழைய வேண்டும், ஓட்டத்தின் அழுத்தத்திலும் எதிர்ப்புச் செல்களிடமும் சாகாமல் தப்ப வேண்டும், வேறு உறுப்பில் குழாயை விட்டு வெளியேற வேண்டும், அந்த அந்நிய மண்ணில் ரத்தக் குழாய்களை வரவழைத்து வளர வேண்டும். ரத்தத்தில் இறங்கும் செல்களில் மிக மிகச் சிலவே இதைச் சாதிக்கின்றன.

எங்கே போய் விழும் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பாதி, குழாயின் திசை: பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால், குடல் புற்று முதலில் அங்கே குடியேறுகிறது. சினைப்பைப் புற்று ரத்தத்துக்குக் காத்திருக்காமல் வயிற்றறையில் உதிர்ந்து பரவுகிறது. மீதிப் பாதி, மண்ணின் பொருத்தம். இறந்த மார்பகப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், ரத்தம் எல்லா உறுப்புக்கும் போனாலும் விதை எல்லா மண்ணிலும் முளைப்பதில்லை என்று 1889இலேயே எழுதினார். கல்லீரலில் நிறையக் கண்ட பரவலை அவர் மண்ணீரலில் அபூர்வமாகவே கண்டார். புரோஸ்டேட் பெரும்பாலும் எலும்புக்கும், நுரையீரல் புற்று மூளை, அட்ரினல் சுரப்பி, எலும்பு, கல்லீரலுக்கும் போவது வழக்கம்.

போன இடம் பெயரை மாற்றாது. மார்பகத்திலிருந்து எலும்புக்குப் போனது எலும்புப் புற்றுநோய் அல்ல, எலும்பில் இருக்கும் மார்பகப் புற்றுநோய், மருந்தும் மார்பகத்துக்கானதே. "இப்போது எலும்பிலும் கேன்சர், இரண்டு கேன்சர்" என்று உறவினர்களுக்குச் சொல்லி அவர்களையும் அலற வைக்க வேண்டியதில்லை.

இந்தத் தூரத்தை எழுதும் சுருக்கெழுத்துதான் டி.என்.எம். ஃபிரான்ஸின் பியர் டெனுவா 1940களில் உருவாக்கியது. டி என்பது மூலக்கட்டி, என் என்பது நிணநீர் முடிச்சு, எம் என்பது தொலைப்பரவல். முன்னால் நிற்கும் சிறிய எழுத்தையும் விடாதீர்கள்: 'சி' என்றால் கையாலும் ஸ்கேனாலும் கணித்தது, 'பி' என்றால் வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது, 'ஒய்' என்றால் கீமோ அல்லது கதிர்வீச்சுக்குப் பின் கணித்தது. 'சி'யில் ஒன்றும் 'பி'யில் வேறொன்றும் வருவது இயல்பு. யாரும் தவறு செய்தார்கள் என்று பொருளல்ல.

ஒரு உறுப்பின் டி2 இன்னொன்றின் டி2 அல்ல. மார்பகத்தில் அது அளவு: 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ. வரை. பெருங்குடலில் அது ஆழம்: குடல் சுவரின் தசை வரை. குடலில் 6 செ.மீ. கட்டி டி2 ஆகவும் 2 செ.மீ. கட்டி டி3 ஆகவும் இருக்கலாம். எழுத்துகள் அப்படியே இருந்தாலும் ஸ்டேஜ் மாறும்: டி2 என்1 எம்0 (முடிச்சில் இருக்கிறது, தொலைவில் இல்லை) மார்பகத்தில் டி, என், எம் மட்டும் பார்க்கும் உடற்கூற்றுக் கணக்குப்படி 2பி, பெருங்குடலில் 3ஏ. தைராய்டின் பேப்பில்லரி வகையில் 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு நுரையீரல் வரை போயிருந்தாலும் ஸ்டேஜ் 2 தான். அந்த வயதில் அந்நோய் அவ்வளவு சிகிச்சைக்குக் கட்டுப்படும். பக்கத்துப் படுக்கைக்காரரின் ஸ்டேஜோடு உங்களுடையதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

முடிச்சுகளின் எண்ணிக்கை பின்னம் போல எழுதியிருக்கும். 2/14 என்றால் பார்த்தது 14, புற்று இருந்தது 2. கீழ் எண் முக்கியம். பெருங்குடல் அறுவையில் குறைந்தது 12 முடிச்சுகளைப் பார்த்திருக்க வேண்டும். 0/5 என்று வந்தால் பரவவில்லை என்று நிம்மதி அடைய முடியாது, தேடியது போதவில்லை என்றே பொருள்.

ஸ்கேனும் ரத்த மார்க்கரும்

பெட் ஸ்கேன் தேடுவது புற்றுநோயை அல்ல, சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடத்தை. காசநோய், சார்க்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயம் எல்லாம் ஒளிரும். மூளையும் சிறுநீர்ப்பையும் எப்போதுமே ஒளிரும். ஒளிர்வது எல்லாம் பரவல் அல்ல. முடிவு சிகிச்சையையே மாற்றும் என்றால் அந்த இடத்தில் பயாப்சி எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஸ்கேனுக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது; முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசைகள் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும் என்பதால் அதை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மார்க்கர் என்பது புற்று இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருள். ஆனால் புரோஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. சிறுநீர்த் தொற்றிலும் சாதாரணப் புரோஸ்டேட் வீக்கத்திலும் ஏறும். சினைப்பைக்குப் பார்க்கும் சி.ஏ.125, எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோய்), சிலருக்கு மாதவிடாய் நாள்களிலும் ஏறும். மார்க்கர்கள் பெரும்பாலும் உறுதியான நோயைத் தொடர்ந்து கண்காணிக்கப் பயன்படுபவை. மொத்த 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' எடுத்துப் பார்ப்பது வீண் பயத்தை விலைக்கு வாங்குவதுதான்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட்டின் நகல் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளையும் கேட்டு வாங்குங்கள். படங்களை அச்சுப் பிலிமாக அல்ல, சி.டி.யாக எடுத்துச் செல்லுங்கள். பிளாக் பல ஆண்டுகள் கெடாது. புதிய மருந்துக்கான ஜீன் பரிசோதனைக்கும் அதுவே பயன்படும்.

உலகக் கணக்கை வாசிக்கும்போது

உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 2 கோடி. இறந்தவர்கள் 97 லட்சம். வாழ்நாளில் ஐவரில் ஒருவருக்கு வரும். ஆண்களில் ஒன்பதில் ஒருவர், பெண்களில் பன்னிரண்டில் ஒருவர் அதனால் இறக்கிறார்கள். 2050இல் புதிய நோயாளிகள் 3.5 கோடியைத் தாண்டுவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இந்த எண்களுக்கும் ரிப்போர்ட்டைப் போலவே வாசிப்பு முறை உண்டு. 3.5 கோடி என்பதைப் பார்த்து நோய் வேகம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த உயர்வில் பெரும்பங்கு மக்கள்தொகை கூடுவதாலும் முதியோர் பெருகுவதாலும் வருவது. இரண்டு நாடுகளை ஒப்பிட, லட்சம் பேருக்கு எத்தனை என்ற வீதத்தை, அதிலும் வயதைச் சமன்செய்த வீதத்தைத் தேடுங்கள். முதியோர் நிறைந்த நாட்டில் எண்ணிக்கை கூடியிருப்பது வயதின் வேலையாகவே இருக்கலாம்.

வந்தவர் எண்ணிக்கையையும் இறந்தவர் எண்ணிக்கையையும் அருகருகே வைத்தால் நோயின் குணம் தெரியும். 2022இல் தைராய்டு புற்று வந்தவர்கள் 8.2 லட்சம், இறந்தவர்கள் 50 ஆயிரத்துக்கும் கீழே. கணையத்தில் வந்தவர்கள் 5.1 லட்சம், இறந்தவர்கள் 4.7 லட்சம். நுரையீரலில் 24.8 லட்சமும் 18.2 லட்சமும், இரண்டு பட்டியலிலும் அதுவே முதலிடம், முதன்மைக் காரணம் புகையிலை.

ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் (நோய் கண்டபின் ஐந்தாண்டு உயிரோடு இருப்போரின் பங்கு) கூடியதாகச் செய்தி வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 68 வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு அறிகுறி வந்து 65இல் நோயைக் கண்டால் அவர் ஐந்தாண்டைத் தாண்டவில்லை. அதே நோயைப் பரிசோதனையில் 61இலேயே கண்டால் தாண்டிவிட்டார். இரண்டிலும் இறந்தது 68இல்தான். தென் கொரியாவில் 1999க்குப் பிறகு தைராய்டு அல்ட்ராசவுண்ட் பரவலாகி, 2011இல் தைராய்டு புற்றுநோய் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. இறப்பு வீதம் அசையவே இல்லை. தேடியதால் கிடைத்தவை அவை, பலரைக் கடைசிவரை தொந்தரவே செய்திருக்காதவை. பரிசோதனைத் திட்டம் உயிரைக் காக்கிறதா என்று அறிய இறப்பு வீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சுமை யார் தலையில் விழுகிறது என்பதை மார்பகப் புற்றுநோய் காட்டுகிறது. மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டில் உச்சத்தில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. 71இல் ஒருவர் இறக்கிறார். அடிமட்டத்தில் இருக்கும் நாடுகளில் 27இல் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48இல் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவாக வரும் இடத்தில் சாவு அதிகம்: தாமதமாகக் கண்டுபிடிப்பதும் தரமான சிகிச்சை எட்டாததும் காரணம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்த இடைவெளி இன்னும் கொடுமை, ஏனென்றால் காரணம் தெரியும், தடுப்பூசியும் உண்டு. ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. வைரஸால் வருபவை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்த இலக்கு 90-70-90: பெண் குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, பெண்களில் 70 சதவீதத்தினருக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் தரமான பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. புதிதாக நோய் வருபவர்கள் லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கினால், அந்த நாட்டில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று கணக்கு.